பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு ஓவிய சிகிச்சை: சேலத்தில் எங்கே தொடங்குவது, என்ன செலவாகும், எதில் கவனம் வேண்டும்

என் அண்ணன் 17 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு 2019-இல் ஊருக்கு வந்தார். ஹவில்தாருக்கு ஒரு படி கீழே உள்ள நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். அதில் இரண்டு தடவை காஷ்மீர். வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நடப்பார். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு வேட்டு போட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "பட்டாளத்துக்காரர் அப்படித்தான்" என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். ஒருநாள் அவருடைய பையன் பின்னாலிருந்து ஓடி வந்து தோளைத் தொட்டான். அண்ணன் திரும்பிய வேகத்தில் பிள்ளையின் கை முறுக்கிக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அவர் அழுதார் என்று அண்ணி சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்த நாளிலிருந்து, வாரம் ஒருமுறை அவர் உட்கார்ந்து வரைகிற நிலைமைக்கு வர எங்களுக்கு 14 மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் இரண்டு மாதத்தில் முடிகிற வேலை. மீதி 12 மாதமும் தவறான கதவைத் தட்டியதிலும், பேப்பர் சரியில்லாமல் திரும்பியதிலும் போனது. உங்கள் வீட்டில் அப்பாவோ, கணவரோ, தம்பியோ இதே நிலையில் இருந்தால் அந்த 12 மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். அண்ணனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். இரண்டு விஷயங்களை விடச் சொன்னார், விட்டுவிட்டேன்.

1. முதலில் மருத்துவர், அப்புறம்தான் வண்ணம்

ஓவிய சிகிச்சை மட்டுமே மருந்து என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், பழையதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்ப்பது, எப்போதும் காவலில் நிற்பது போலவே இருப்பது, இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயா என்று மனநல மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள். அந்த அனுபவத்தையே எடுத்துவைத்துப் பேசுகிற உளவியல் சிகிச்சையும், சில மாத்திரைகளும்தான் இதற்கு முதல் வரிசை. ஓவியம் பக்கத்தில் நிற்கும் துணை. ஆனால் நல்ல துணை. நடந்ததைப் பேச வாய் வராதவர்களுக்கு அது ஒரு வழி திறக்கிறது. பயங்கரமான அனுபவம் பலருக்கும் கோர்வையான கதையாக மனதில் நிற்பதில்லை. ஒரு காட்சியாக, ஒரு சத்தமாக, ஒரு வாசனையாக நிற்கிறது. "என்ன நடந்தது, சொல்" என்றால் அண்ணனால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாது. கையில் கரித்துண்டு இருந்தால் கோடு வருகிறது.

சேலத்தில் யாரிடம் காட்டுவது? மூன்று வாசல்கள் இருக்கின்றன.

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். பென்ஷன் உண்டா, கார்டு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பார்ப்பதும் மாத்திரையும் இலவசம்.

இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக். பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும் குடும்பத்துக்கும் உள்ள மருத்துவத் திட்டம் இது. அங்குள்ள மருத்துவர் பார்த்து, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்.

மூன்றாவது, 14416. டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதன் தனிப் பிரிவு ஒன்றும் தொடங்கினார்கள். அண்ணன் வரமாட்டேன் என்று அடம்பிடித்த நாட்களில் நானே கூப்பிட்டு, அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டு ஆளும் கூப்பிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அவர் ஏன் அடம்பிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் மருத்துவத் தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தில் போடுவார்கள். அதில் முதல் எழுத்தே மனநிலையைக் குறிப்பது. அது இறங்கிவிட்டால் போஸ்டிங், பிரமோஷன் எல்லாம் போய்விடும் என்ற பயம் 17 வருடம் உள்ளே ஊறியது, ஓய்வு பெற்றதும் போய்விடாது. "இப்ப நீங்க ரிட்டயர்டு, டாக்டரிடம் போனதற்காக உங்க பென்ஷனில் யாரும் கை வைக்க முடியாதுண்ணே" என்று நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். அதே பாலிகிளினிக் வரிசையில் அவருக்குத் தெரிந்த ஒரு சுபேதார், "நானும் இதுக்குத்தாம்ப்பா வந்தேன்" என்று சொன்னார். அது ஒரே தடவையில் வேலை செய்தது. உங்களுக்கும் அப்படி ஒரு மூத்தவர் தெரிந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நன்றாக இருக்கிறது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

2. பேப்பர்கள்: இங்கேதான் எங்களுக்கு ஏழு மாதம் போனது

இவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள்: பட்டாளத்தை விட்டு வரும்போது தந்த டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ., முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், அவருடைய, மனைவியுடைய, பிள்ளைகளுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். பட்டாளத்தில் இருந்தபோது மருத்துவமனையில் படுத்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி மிக முக்கியம். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும், தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுங்கள். அதோடு எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இ.சி.எச்.எஸ். பற்றி ஒன்று. 2003 ஏப்ரலுக்குப் பிறகு பென்ஷனோடு ஓய்வு பெறுபவர்கள் இதில் கட்டாயம் உறுப்பினர். சந்தாவை ஓய்வு பெறும்போதே பிடித்துவிடுவார்கள். அண்ணன் போல ஹவில்தார் வரையுள்ளவர்களுக்கு, 2017 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி, 30,000 ரூபாய். பணம் பிடித்ததால் கார்டும் தானாக வரும் என்று நினைத்து அண்ணன் விண்ணப்பிக்கவே இல்லை. கார்டுக்குத் தனியாக, இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வீட்டில் கார்டு இல்லையென்றால் இன்றைக்கே தொடங்குங்கள். கார்டு கைக்கு வரும்வரை விண்ணப்பச் சீட்டை வைத்துப் பார்ப்பார்களா என்று பாலிகிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பொறி பெயரில் இருக்கிறது. நம் ஊரில் இனிஷியல்தான் போடுகிறோம். பட்டாளத்திலோ சிலருக்கு இனிஷியல் பின்னால் போகும், சிலருக்கு அப்பா பெயர் முழுதாக விரியும். ஆதாரில் ஒரு மாதிரி, டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி, பி.பி.ஓ.வில் இன்னொரு மாதிரி. அண்ணிக்கோ பிறந்த தேதியே இரண்டு விதமாக இருந்தது. சேர்ந்த புதிதில் யாரோ கேட்க, யாரோ சொல்லி எழுதியது. விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது.

இதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். எந்தத் திருத்தத்தை எங்கே செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். ஆதாரில் திருத்தினால் முடிகிற பிழை என்றால் அதையே திருத்துங்கள், சில நாட்களில் முடியும். டிஸ்சார்ஜ் புக்கில் திருத்த வேண்டுமென்றால் அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதியாக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்கு ஐந்து மாதம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது நடக்கிறபோதே சிகிச்சையை அரசு மருத்துவமனையில் தொடங்கிவிடுங்கள். கார்டு வரட்டும் என்று நாங்கள் காத்திருந்தது பெரிய தவறு.

பரிந்துரைக் கடிதம் வாங்கியதும், அது எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை தடவைக்குச் செல்லும் என்று அங்கேயே கேளுங்கள். தேதி முடிந்தபின் போனால் முழுக் கட்டணமும் உங்கள் கையிலிருந்துதான். பாலிகிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கமாட்டார்கள். திங்கள் காலை கூட்டம் அதிகம். செவ்வாய், புதன் போனால் அண்ணன் போன்றவர்களுக்குக் காத்திருப்பது கொஞ்சம் எளிது. சத்தமும் நெருக்கடியும் அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று கூடப் போகும்போதுதான் புரியும்.

3. டிராயிங் கிளாஸில் சேர்த்துவிடாதீர்கள்

"ஓவியம் வரைந்தால் மனசு லேசாகும்" என்று டாக்டர் சொன்னதும் நான் செய்த முதல் காரியம், ஊரில் ஒரு டிராயிங் கிளாஸில் அண்ணனைச் சேர்த்தது. பெயர் வேண்டாம், அவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். மூன்றாவது வகுப்பில் மாஸ்டர் அண்ணனின் தாளைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, நாட்டுக்காகப் போராடின ஒரு வீரர் வரைஞ்சது" என்று எல்லோருக்கும் காட்டினார். கைதட்டினார்கள். ஒருவர் "யாரையாவது சுட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், ஐந்து ரோட்டிலிருந்து கன்னங்குறிச்சி வரை நடந்தே வீடு வந்து சேர்ந்தார். மூன்று மாதம் பென்சிலைத் தொடவில்லை.

கிளாஸில் படம் நன்றாக வர வேண்டும். சிகிச்சையில் படம் எப்படி வந்தாலும் சரி. கிளாஸில் அதைப் பிறர் பார்க்கிறார்கள். சிகிச்சையில் அது வரைந்தவருக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவில் இருக்கிறது. கிளாஸில் எதை வரைவது என்று மாஸ்டர் சொல்வார். சிகிச்சையில் எதை இப்போது தொடலாம், எதை இன்னும் தொடக் கூடாது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். வேகமாகக் கிளறினால் பழைய காட்சி பாய்ந்து மேலே வரும். அந்த நேரத்தில் ஆளைத் திரும்ப இந்த அறைக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் இல்லாவிட்டால் முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும்.

"எனக்கு வரையவே வராது" என்று அவர் சொல்வார். எல்லோரும் சொல்கிறார்கள். 2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் தங்கள் விருப்பப்படி வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவரா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அவர்கள் முன்னாள் படைவீரர்கள் அல்ல, சாதாரண ஆட்கள்தான். அதனால் இதை வைத்துப் பெரிய வாக்குறுதி எதுவும் தர முடியாது. ஆனால் வரையத் தெரியாதது ஒரு தடையே இல்லை என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு இது உதவியது.

4. சரியான ஆளைப் பிடிப்பது

ஆர்ட் தெரபிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் பயிற்சிக்கும் சான்றிதழ் தருகிறார்கள், இரண்டு வருட முதுகலைப் படிப்புக்கும் தருகிறார்கள். சுவரில் மாட்டினால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கேட்க வேண்டும். நான் கேட்டவை இவை:

எங்கே, எத்தனை மாதம் படித்தீர்கள்? அதில் நோயாளிகளோடு நேரடியாக எத்தனை மணி நேரம்? போர், விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சி அனுபவம் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் வேலையைப் பார்த்து வழிசொல்லும் மூத்தவர் இருக்கிறாரா? எங்கள் மனநல மருத்துவரோடு பேசுவீர்களா? படங்களை யார் வைத்துக்கொள்வது? நடுவில் அவருக்குப் பழைய காட்சி வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி தெரிந்துவிடும். "அதெல்லாம் வராதுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தவர், "கால் தரையில் படுகிறதா என்று கேட்பேன், அறையில் உள்ள ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்வேன், அன்றைக்கு அதோடு வரைவதை நிறுத்திவிடுவேன்" என்றார். மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தக் கவுன்சிலின் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் அதுவே ஒரு பதில்.

சேலத்தில் உளவியல் சிகிச்சை, ஓவிய சிகிச்சை இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஆள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அமைந்தது இப்படி: மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் சேலத்தில், ஓவிய சிகிச்சையாளர் பெங்களூரில். வீடியோ காலில் வாரம் ஒரு மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில். பெங்களூர் போகிற நாளில் ஓசூர் வழியாக பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிடும், முழு நாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. செலவு

ஓவிய சிகிச்சைக்கான பணம் எங்களுக்கு எந்தத் திட்டத்திலிருந்தும் திரும்பக் கிடைக்கவில்லை. மருத்துவர், மாத்திரை, உள்நோயாளிச் செலவு இவைதான் கார்டில் வரும். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். வீடியோ சிகிச்சைக்கு ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். முதல் மூன்று மாதம் வாரம் ஒன்று, அப்புறம் மாதம் இரண்டு. உளவியலாளருக்கு மாதம் ஒருமுறை 800. ஆகவே முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 5,600, பிறகு 3,200. முதல் வருடம் மொத்தம் 45,600 ரூபாய்.

கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நான் விசாரித்தபோது முதலில் 1,800 என்றார். நாயக் பென்ஷன், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று சொன்னதும் அவரே குறைத்துக்கொண்டார். "20 அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அண்ணன் நாலாவது வாரத்தில் விட்டுவிடுகிறேன் என்றார். முன்பணம் கட்டியிருந்தால் அந்தப் பணத்துக்காகவே நாங்கள் அவரை இழுத்திருப்போம்.

பொருள்களுக்கு முதல் முறை 1,150 ஆனது. ஏ3 அளவு டிராயிங் நோட்டு 280, 25 நிற ஆயில் பேஸ்டல் இரண்டு டப்பா 240, கரிப் பென்சில் 160, வாட்டர் கலர் 150, இரண்டு பிரஷ் 90, பானை செய்கிறவர்களிடம் வாங்கிய களிமண் 10 கிலோ 100, தரையில் விரிக்கத் தார்ப்பாய் 130. எல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளிலேயே கிடைக்கும். விலை உயர்ந்த வண்ணம் வேண்டாம். விலை தெரிந்தால் வீணாக்கக் கூடாது என்று கை பின்வாங்கும். ஆயில் பேஸ்டலில் கறுப்பு மட்டும் தனியாக நாலைந்து வாங்கி வையுங்கள். அது முதலில் தீரும்.

6. வீட்டில் இடம்

நாற்காலியின் முதுகு சுவரைப் பார்த்து, முகம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் வீட்டில் முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்காக வாசலுக்கு முதுகு காட்டி மேசை போட்டிருந்தோம். அண்ணன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேசையைத் திருப்பிப் போட்டதும் தோள் கொஞ்சம் இறங்கியது.

கதவைப் பூட்டக் கூடாது. அவர் நினைத்தால் எழுந்து போக முடிய வேண்டும். யாரும் பின்னாலிருந்து வரக் கூடாது, வருகிறவர் தூரத்திலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். பிரஷர் குக்கரை அந்த ஒரு மணி நேரம் வைக்காதீர்கள். வீடியோ காலுக்குப் போனை நிமிர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் அங்கே ரகசியம் போய்விடும்.

டர்பன்டைன், தின்னர் போன்ற வாசனையுள்ள பொருள் வேண்டாம். பலருக்கு வாசனைதான் முதலில் இழுத்துக்கொண்டு போகும். எங்களுக்கு ஒரு தடவை களிமண்ணே அப்படி ஆனது. ஈர மண்ணில் கை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. களிமண் மூன்று மாதம் சாக்கில் கட்டியபடியே கிடந்தது. பிறகு அவராகவே எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். கட்டர், பிளேடு எதுவும் மேசையில் வேண்டாம்.

7. முதல் எட்டு வாரம் எப்படி இருக்கும்

நடந்த சம்பவத்தை வரைய வைத்து யாரும் தொடங்குவதில்லை, தொடங்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் மூச்சோடு கோடு. மூச்சை இழுக்கும்போது கோடு மேலே, விடும்போது கீழே. அப்புறம் பாதுகாப்பாகத் தோன்றும் ஓர் இடம். அண்ணன் எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையை வரைந்தார், தூண்கள் மட்டும். அப்புறம் ஒரு பெட்டி. இப்போது பார்க்க முடியாததை உள்ளே வைத்து மூடி வைக்கிற பெட்டி. அதை வரைந்து பழகியபிறகுதான் மற்றதெல்லாம்.

மூன்றாவது, நாலாவது வாரத்தில் கனவு அதிகமாகலாம். எங்களுக்கு ஆனது. பயந்துபோய் நிறுத்திவிடப் பார்த்தோம். சிகிச்சையாளரிடமும் மருத்துவரிடமும் சொன்னபோது, வேகத்தைக் குறைத்தார்கள், நிறுத்தவில்லை. நீங்களாக முடிவெடுக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். குடித்திருக்கிற நாளில் வரைய உட்கார வைக்காதீர்கள், அன்றைய அமர்வைத் தள்ளிப்போடுங்கள். ராணுவக் கேன்டீனில் கோட்டாவாக வாங்கிய மது வீட்டில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், மாத்திரையோடு அது சேரக் கூடாது.

அஞ்சாவது வாரத்திலிருந்து அண்ணன் ஒரே ஒரு பொருளைத்தான் வரைந்தார். பட்டாளத்தில் டீ குடிக்கத் தருகிற ஸ்டீல் மக். பிடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே நசுங்கல், அதே இடத்தில். கரியை அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்த நாளும் உண்டு. எட்டாவது வாரம் தாளில் இரண்டு மக் இருந்தது. நான் டீ கொண்டுபோய் வைத்தபோது, தாளைப் பார்த்தபடியே, "பாப்பா, இது அவனோடது" என்றார். யாருடையது என்று நான் கேட்கவில்லை. டீயை வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்று வந்ததிலிருந்து, அங்கே இருந்த ஒருவரைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அமெரிக்காவில் பெதஸ்டா நகரில் உள்ள வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவ வளாகத்தில், வீரர்கள் காகிதக்கூழ் முகமூடிகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். வெளியே தெரியும் முகம் வேறு, உள்ளே இருப்பது வேறு என்று காட்ட அது உதவுகிறதாம். எங்கள் சிகிச்சையாளரும் அதைச் சொல்லிப் பார்த்தார், அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. அவரவருக்கு ஒரு பொருள் அகப்படும்.

8. வீட்டு ஆட்கள் என்ன பேசுவது

"இது என்ன?" என்று கேட்காதீர்கள். "சூப்பரா இருக்கு" என்றும் சொல்லாதீர்கள். இது மோசம் என்று சொல்வது போலத்தான் அதுவும், மார்க் போடுவதுதான். சிவப்பு நிறத்தைப் பார்த்து நீங்களாக ரத்தம் என்று அர்த்தம் சொல்லாதீர்கள். அண்ணன் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு பூசியபோது அண்ணி கலங்கிப்போனார். கேட்டால் அது பள்ளிக்கூடத்து வாசலில் இருந்த குல்மோகர் மரம். அவராகக் காட்டினால் பாருங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். காட்டாமல் மூடி வைத்தால் விடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. சொந்தக்காரர் வந்தால் எடுத்துக் காட்டக் கூடாது. குடியரசு தினத்துக்குக் கண்காட்சி வைக்கிறோம், தாருங்கள் என்று கேட்டு வருவார்கள், எங்களிடமும் வந்தார்கள். முடிவு அவருடையது மட்டுமே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்கிறது.

9. ஏற்காடு: உடனே கிளம்பிவிடாதீர்கள்

சேலத்துக்காரர்களுக்கு எதற்கும் ஒரே மருந்து ஏற்காடு. குளிர்ச்சி, அமைதி, ஏரி, உட்கார்ந்து வரையலாம் என்று நானும் ஒரு மே மாதம் காரில் கூட்டிப்போனேன். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. மேலே போகப்போக மூடுபனி. ஒன்பதாவது வளைவில் அண்ணனின் கை டேஷ்போர்டைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். விரல் எல்லாம் வெளுத்திருந்தது. காஷ்மீர் மலைப்பாதையில் கான்வாய் போனவருக்கு அந்த ரோடு வேறு ரோடு. மேலே போனால் கோடை விழாக் கூட்டம், ஹாரன், பலூன் சுடுகிற கடை. அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

போகலாம், ஆனால் அவர் கேட்கும்போது. சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மே மாதமும் சனி ஞாயிறும் வேண்டாம். குப்பனூர் வழியில் வண்டி நெரிசல் குறைவு. வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், திரும்பலாம் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, நவம்பரில், அண்ணன்தான் போகலாமா என்று கேட்டார். அவரே ஓட்டினார். காப்பித் தோட்டத்து ஓரம் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்த 20 வளைவுகளையும் கையெடுக்காமல் ஒரே கோடாக வரைந்தார்.

10. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நாட்கள்

ஆடிப் பண்டிகை, தீபாவளி, ஊர்த் திருவிழா வேட்டு. ஒரு வாரம் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள். தெரிந்து வரும் சத்தத்தைத் தாங்குவது எளிது. பக்கத்தில் குவாரி இருந்தால் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். கூட இருந்தவர் இறந்த தேதி என்று ஒன்று இருக்கலாம், அதை உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம். எந்த மாதத்தில் வருடாவருடம் சுருங்குகிறார் என்று குறித்து வையுங்கள்.

சாவதைப் பற்றிப் பேசினால், பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், திடீரென்று எல்லாக் கணக்கையும் முடித்து வைத்தால், வரைவது, வார அமர்வு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். 108, 14416 இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். தனியாக விடாதீர்கள். வங்கிக் காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் முன்னாள் படைவீரர்கள் நம் பக்கத்தில் பலர் உண்டு. வீட்டில் இருந்தால் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம். அவர் நன்றாக இருக்கிற நாளில், அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். தோட்டத்துப் பூச்சி மருந்தையும் பூட்டி வையுங்கள்.

11. படங்களை என்ன செய்வது

கிழிப்பதா, வைப்பதா, எரிப்பதா என்பது அவர் விருப்பம். அண்ணன் சிலவற்றைக் கிழித்தார். மீதியைத் தன் பழைய டிரங்குப் பெட்டியில் வைக்கிறார், நம்பரும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய அதே கறுப்புப் பெட்டி. ஆயில் பேஸ்டல் காயவே காயாது, ஒன்றோடொன்று ஒட்டும். நடுநடுவே பட்டர் பேப்பர் வையுங்கள், தாள் 5 ரூபாய், வருடத்துக்கு 50 தாள் போதும். கரியில் வரைந்தது கைபட்டால் அழியும், தட்டையாகவே வையுங்கள், சுருட்டாதீர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி மட்டும் பென்சிலில் போடச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிகிச்சையாளர் அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்க்கச் சொல்வார், அப்போது தேதி தேவைப்படும். பெட்டிச் சாவி அவரிடமே இருக்கட்டும். மாற்றுச் சாவி செய்து வைக்காதீர்கள்.